போராடித் தோல்வி

நாலரைக்கு நெல்லையிலிருந்து வரும் முதல் பஸ்
முக்கூடலில் முழுசாக நிற்பதில்லை.
படியிலிருந்து கட்டைத் தள்ளிவிடுவார் கண்டக்டர்.
நூற்றுப் பன்னிரண்டு பேப்பர்.
சணலை அறுக்கும் முன்பே ஒன்றை உருவுவேன்,
கடைசிக்கு முந்தின பக்கம்.

முந்தாநாள் ராத்திரி ஆலங்குளம் மின்னொளிக் கபடியில்
எங்கள் வெண்புறா ஜெயித்தது.
முப்பத்தொன்று, இருபத்தெட்டு.
எனக்கு இன்னும் தொண்டை திறக்கவில்லை.
தலைப்பு இப்படி:
'அம்பை மின்னல் அணி போராடித் தோல்வி.'

யாரிடம்?
காற்றிடமா, ஆற்றிடமா?
ஆறாம் வரியில் 'எதிரணி' என்று ஒரு சொல் கிடந்தது.
அது நாங்கள்தான்.
படத்தில் முழங்காலில் கையூன்றிக் குனிந்த அம்பைக் கேப்டன்,
மூக்கு நுனி வேர்வை வரை துல்லியம்.
அவன் தோளுக்குப் பின்னால் கோப்பையின் ஒற்றைக் காது.
அந்தக் காதைப் பிடித்திருந்த கை
எங்கள் முப்பிடாதியுடையது.
உள்ளே அவன் பெயரை 'முப்பாதி' என்று அடித்திருந்தார்கள்.
மூன்று பாதி, கூட்டினால் ஒன்றரை ஆள்.
பக்கத்திலேயே உண்மை அது ஒன்றுதான்.

நிருபர் குற்றாலநாதன் அம்பையில் பெண் எடுத்தவர்.
அம்பை நகைக்கடை கால் பக்க விளம்பரம் கொடுக்கிறது.
அங்கே பந்தலில் அவருக்கு சேர் போடுவார்கள்,
நாம் மணலில் நிற்கவிட்டோம்.
டீக்கடையில் வாரம் ஒரு காரணம் புதிதாக வேகும்.
"விடுல, நாம உலகக் கோப்பையே அடிச்சாலும்
அம்பை அணி வாழ்த்துன்னுதான் போடுவாம்"
என்பான் பீடிக் கம்பெனி சிவனணைஞ்சான்.

அன்றைக்கு நான் செய்தது ஒன்றே.
நீலப் பேனாவை எடுத்து
நூற்றுப் பன்னிரண்டு பேப்பரிலும்
'பா'வை அடித்து, மேலே 'பிடா' எழுதினேன்.
முடிக்கையில் வெயில் ஏறிவிட்டது.
ஹெட்மாஸ்டர் வீட்டில் கேட்டார்கள்:
"கிறுக்கின பேப்பருக்கும் முழு ரூவாயா?"

ஆடியில் குற்றாலநாதன் பைக்கோடு விழுந்தார்.
கணுக்காலில் மாவுக்கட்டு. போனில் வந்தார்.
"நீ எப்படியும் மேட்சுக்குப் போவேல்லா,
பத்து வரி எழுதி அனுப்பு.
பேரு எம்பேருதான் வரும்."

பாப்பாக்குடி மைதானம், கடைசி நிமிஷம்.
அம்பை செல்வின் பாடி வந்தான்.
நாலு பேர் பிடியில் விரால் மாதிரி வழுக்கி
நடுக்கோட்டுக்குக் கையை எறிந்தான்.
தூசி. விசில்.
எட்டவில்லை என்றார் நடுவர்.
எங்கள் பக்கம் வேட்டு வெடித்தது.
நான் கோட்டை ஒட்டி உட்கார்ந்திருந்தேன்.
அவன் நடுவிரல் நகத்தில்
சுண்ணாம்பு இருந்தது.

எழுத உட்கார்ந்தேன்.
முப்பிடாதி பெயரை மூன்று இடத்தில், எழுத்துப் பிழையில்லாமல்.
'எதிரணி வீரர் நடுக்கோட்டை எட்ட முடியாமல் வீழ்ந்தார்.'
பத்து வரிக்குள் அடங்க வேண்டுமே,
செல்வின் என்று எழுத இடமில்லை.
சத்தியமாக இடமில்லை.
மூன்றே எழுத்து, ஒரு புள்ளி.

மறுநாள் சாயங்காலம் அம்பையிலிருந்து வந்த பஸ்ஸில்
அதே கண்டக்டர். கையில் வடைப் பொட்டலம்.
"அம்பையில ஒரே பேச்சு.
பேப்பர்காரன் முக்கூடல் பக்கம் சாஞ்சுட்டானாம்,
எம்புட்டு வாங்கினானோன்னு கேக்காங்க."
ரெண்டு வடையை எனக்குக் கிழித்துக் கொடுத்தார்.

எண்ணெய் ஊறிய தாளில் என் பத்து வரி.
'எதிரணி வீரர்' அடிக்கப்பட்டு மேலே 'செல்வின்'.
'எட்ட முடியாமல்' அடிக்கப்பட்டு மேலே
'எட்டிய பிறகும்'.
நீல மை.
அம்பையிலும் யாரோ ஒருத்தன்
விடிய விடிய உட்கார்ந்திருக்கிறான்.
அவனுக்கு எத்தனை பேப்பரோ,
கையெழுத்து என்னுடையதைவிடத் திருத்தம்.

வடை ஆறிப்போயிருந்தது. தின்றேன்.